எடை குறைக்கும்போது பசியை அறிவதும் நிறைவில் நிறுத்துவதும்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பகுதிகளில் எடையைக் குறைக்க முடிவெடுப்பவர்களில் பலர் முதல் நாளிலேயே இரவுச் சோற்றை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கிறார்கள். பிறகு ஒரு கல்யாண வீடு வருகிறது. அல்லது திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து வெறும் வயிற்றோடு பேருந்தைவிட்டு இறங்கும் மாலையில், சாயாக்கடை எண்ணெய்ச் சட்டியிலிருந்து பழம்பொரியின் மணம் வருகிறது. அன்றோடு கட்டுப்பாடு கலைந்துவிடுகிறது. தமக்கு மனவுறுதி போதாது என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனெனில் குறை பெரும்பாலும் மனவுறுதியில் இல்லை. எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். உடல் எப்போது உணவைக் கேட்கிறது, எப்போது போதும் என்கிறது என்பதைக் கண்டுகொள்ளப் பழக்குவோர் மிகச் சிலரே. அந்தப் பழக்கத்தைப் படிப்படியாகக் கற்பதற்கே இக்கட்டுரை.

தொடங்குமுன் இருவருக்கு எச்சரிக்கை

சர்க்கரை நோய்க்காக இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உட்கொள்வோரும் பசிக்காகக் காத்திருந்து உண்ணும் முறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. அவர்களுக்குப் பசி, கைநடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் அது இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது அளந்துபார்க்க வழியில்லாமல் அறிகுறிகள் மட்டும் தெரிந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். உணவு நேரத்தை மாற்றுவதென்றால் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முன்பு உணவை வெறுத்தோ வரம்பின்றி உண்டு வாந்தியெடுத்தோ துன்பப்பட்டவர்கள் ஆகியோரும் மருத்துவர் துணையின்றி எடை குறைப்பில் இறங்கலாகாது. மற்றவர்கள் தமக்கு எடை குறைய வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளலாம்: இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்) 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வரம்பு.

உடலுக்குள் நடப்பது

இரைப்பை காலியாகும்போது அதன் சுவரிலிருந்து கிரெலின் என்னும் ஹார்மோன் சுரந்து, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குப் பசிச் செய்தியைக் கொண்டுசெல்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தார்கள். உண்ணத் தொடங்கியதும் இரைப்பை விரிவதை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. உணவு சிறுகுடலை எட்டியதும் அங்கிருந்து வேறு சில ஹார்மோன்கள் சுரந்து, போதும் என்ற உணர்வை வளர்க்கின்றன. இந்தச் செய்திகள் ஒன்றுசேர்ந்து மனத்தில் தெளிவாகப் பதிய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டுச் சோற்றை முடித்துவிடுகிறவர் அடுத்த கரண்டிச் சோற்றைக் கேட்கும்போது, முதல் தட்டுச் சோறு தந்த நிறைவு அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது.

இவற்றோடு கொழுப்புத் திசுக்களிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் உண்டு. இது 1994-இல் கண்டறியப்பட்டது. உடலில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது இதன் பணி. எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது. சேமிப்பு கரைகிறது என்று மூளை கவலைப்பட்டுப் பசியைக் கூட்டுகிறது. எனவே எடை குறைப்பவருக்குப் பசி சற்றுக் கூடுவது இயல்பு. அதை எண்ணி அஞ்சவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு காட்டியது. நல்ல உடல்நலமுள்ள 36 ஆண்களுக்கு ஆறு மாத காலம் பாதிப்பட்டினி அளவில் உணவு கொடுக்கப்பட்டது. அவர்கள் பகலெல்லாம் உணவையே நினைத்தார்கள். சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பட்டினி முடிந்து வேண்டிய மட்டும் உண்ண அனுமதி கிடைத்த பிறகும், வயிறு நிரம்பியபின்கூடப் பசி அடங்கவில்லை என்று பலர் கூறினார்கள். கடும் பட்டினியில் இருக்கும் உடலுக்கு நிறைவின் செய்தி கேட்பதில்லை. இரவுச் சோற்றை அடியோடு நிறுத்துவதை நான் எதிர்ப்பதற்கு இதுவே காரணம். வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைவதே பசியைக் கேட்டபடி எடை குறைக்க ஏற்ற வேகம்.

முதல் படி: இரண்டு வாரம் நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்

பசித்தால் மட்டும் உண்ணுங்கள் என்ற அறிவுரையைத் தொடக்கத்திலேயே பின்பற்றுவது நல்லதன்று என்பது என் கருத்து. காலையில் வெறும் சாயா, பதினொரு மணிக்கு வடையோடு சாயா, மூன்று மணிக்குச் சோறு, இரவு பத்து மணிக்கு வயிறு முட்ட உணவு என்று வாழ்ந்தவருக்கு, எது பசி என்று பிரித்தறிய முடியாது. கிரெலின் வழக்கமான உணவு நேரத்தை அறிந்து அதற்கு முன்பாகவே உயரும் இயல்புடையது. நாலு மணிக்கு நாள்தோறும் வடை தின்றவருக்கு நாலு மணிக்குப் பசிப்பது பழக்கத்தால் வந்த பசி. பழக்கத்தை மாற்றினால் சில வாரங்களில் அதுவும் மாறும்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு உணவின் அளவைக் குறைக்காமல், மூன்று வேளை உணவையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உண்ணுங்கள். எந்த நேரம் என்பதை உங்கள் வேலையே முடிவு செய்யட்டும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வேலை முடித்துவந்து பத்து மணிக்கு உண்பது அவர் உடலுக்குப் பொருந்தும். புறப்படும்போது சிறிது கஞ்சியோ ஒரு பழமோ போதும். முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு நண்பகல் இடைவேளை ஆலையின் மணியைப் பொறுத்தது. காலை உணவை அதிலிருந்து நாலரை, ஐந்து மணி நேரம் முன்னதாக அமைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்துக்குப் போய்வருகிறவர்கள் வேலையிடத்தைவிட்டுக் கிளம்புமுன் ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ இரண்டு மட்டிப்பழமோ உண்டுவிட்டால், இறங்குமிடத்துச் சாயாக்கடையை நிதானமாகக் கடந்துவர முடியும்.

காலையில் பசியே இல்லை என்பவர்கள் முந்திய இரவு எப்போது, எவ்வளவு உண்டார்கள் என்று பார்க்க வேண்டும். இரவு உணவு எட்டு மணிக்குள் அளவாக முடிந்தால் காலைப் பசி தானே வந்துவிடும்.

இரண்டாம் படி: பசிக்கு எண் கொடுத்துப் பழகுங்கள்

ஒரு சிறு நோட்டுப்புத்தகம் போதும். உண்ண உட்காருமுன் ஒரு கணம் நின்று, பசியைப் பூச்சியம் முதல் பத்து வரையுள்ள ஓர் எண்ணால் குறியுங்கள். ஐந்து என்பது பசியும் இல்லாத, நிறைவும் தெரியாத நடுநிலை. நான்கில் உணவு நினைவுக்கு வருகிறது, அவ்வளவே. மூன்றில் வயிறு வெறுமையாகத் தெரியும், மெல்ல இரையும். ஆனால் கையிலுள்ள வேலையைத் தொடர முடியும். இரண்டில் எரிச்சல் வரும், பிள்ளைகள்மேல் கோபம் வரும், கவனம் நிற்காது. ஒன்றிலும் அதற்குக் கீழும் தலைவலி, நடுக்கம், மயக்கம். மறுபுறம், ஆறில் பசி போய்விட்டது, வயிற்றில் கனமில்லை. ஏழில் இதமான நிறைவு. எட்டில் முண்டின் கட்டைத் தளர்த்தத் தோன்றும். ஒன்பதில் மூச்சு முட்டும், படுக்கத் தோன்றும்.

மூன்றில் உண்ணத் தொடங்கி, ஆறு அல்லது ஏழில் நிறுத்துவதே எடை குறைப்பவருக்கு உரிய இலக்கு. ஒன்றுவரை காத்திருப்பதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். ஒன்றில் உட்காருகிறவர் வேகமாக உண்பார், வேகமாக உண்பவர் ஒன்பதில்தான் எழுவார். உணவு நேரத்துக்கு முன்பே மூன்றை எட்டிவிட்டால் ஒரு பழம், ஒரு குவளை மோர், சிறிது சுண்டல் என்று சிறிதளவு உண்டு பாலம் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

எண் கொடுக்கும்போது எழும் பெரிய ஐயம், இது வயிற்றின் பசியா, வாயின் ஆசையா என்பதுதான். இதற்கு ஓர் எளிய சோதனையை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு: இப்போது சூடான கஞ்சியும் பயறும் வைத்தால் மனமார உண்பீர்களா? ஆம் என்றால் அது பசி. கஞ்சி வேண்டாம், பழம்பொரிதான் வேண்டும் என்றால் அது பெரும்பாலும் ஆசை. பசி மெல்ல மெல்ல வளரும், எந்த உணவையும் ஏற்கும், உண்டால் தணியும். ஆசையோ ஒரு மணத்தாலோ ஒரு படத்தாலோ திடீரென எழும், குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும், பத்துப் பதினைந்து நிமிடம் வேறு வேலையில் ஈடுபட்டால் பலமுறை தானே அடங்கும். ஆசைப்பட்டு உண்பது குற்றமன்று. ஆசை என்று தெரிந்து, உட்கார்ந்து, ஒன்றை மட்டும் சுவைத்து உண்பதற்கும், பசி என்று நினைத்து நின்றபடியே மூன்றை விழுங்குவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

சோர்வும் தூக்கமின்மையும் பசியின் வேடத்தில் வரும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் கழித்தபோது அவர்களது லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. அதிகாலையில் எழும் பால் வெட்டுத் தொழிலாளரும், இரவில் கடலுக்குப் போய்வரும் மீனவரும் உணவைத் திருத்துமுன் உறக்கத்தைத் திருத்தப் பார்க்க வேண்டும். இரவு குறைந்துபோனால் பகலில் ஒரு மணி நேரம் உறங்குவதை இங்கே சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது.

மூன்றாம் படி: நிறைவு வரும் இடத்தைப் பிடியுங்கள்

பசியை அறிவது எளிது. நிறைவை அறிவதே கடினம். பசி உரக்கக் கேட்கும், நிறைவு மெல்லச் சொல்லும். அதைக் கேட்க வேண்டுமானால் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்க வேண்டும். எல்லா வேளையும் இயலாவிட்டாலும் நாளுக்கு ஒரு வேளையாவது அப்படி உண்டு பழகுங்கள்.

முதலில் வழக்கமாகப் போடும் சோற்றில் முக்கால் பங்கை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டுமானால் மீண்டும் போடலாம் என்ற உறுதியோடு உட்காருங்கள். தோரன், அவியல், மீன் ஆகியவற்றில் பாதியைச் சோற்றுக்கு முன்பே மென்று உண்ணுங்கள். தட்டில் பாதி தீர்ந்ததும் கையை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். அப்போது கவனிக்க வேண்டிய அடையாளம் நாக்கிலும் இருக்கிறது. உடலின் தேவை தீரத் தீர அதே உணவின் இனிமை குறைந்துவரும் என்பதை மிசேல் கபனாக் என்ற உடலியங்கியல் அறிஞர் 1971-இல் விளக்கினார். முதல் கவளத்தில் மீன் குழம்பு எப்படி இருந்ததோ, அந்தச் சுவை பதினைந்தாம் கவளத்தில் இருக்காது. சுவை மங்குவதும், கை தானாக மெதுவாவதும், பெருமூச்சு ஒன்று எழுவதும் ஆறாம் எண்ணின் அறிகுறிகள். அங்கே நிறுத்திவிட்டு எழுந்து, 20 நிமிடம் கழித்து மீண்டும் எண் கொடுங்கள். ஆறு என்று எழுதியவர்களில் பலர் அப்போது ஏழு என்று எழுதுவார்கள். நிறுத்தியபோது குறைவாகத் தோன்றிய அளவு உண்மையில் போதுமானதாக இருந்தது என்பதை இந்த இரண்டாம் எண் மெய்ப்பிக்கும். நோட்டுப்புத்தகத்தின் பயனில் பாதி இதில்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் நிறுத்துவதற்குத் தடையாக நிற்பது அன்பு. மாமியார் கரண்டியோடு வரும்போது தட்டின்மேல் கையை மூடுவது அவரை நோகச்செய்யும். “மாமி, மீன் கறி நல்லா இருக்கு, இப்ப வயிறு நெறஞ்சிட்டு, எனக்குள்ளத எடுத்து வையுங்க, ராத்திரி சாப்பிடுவேன்” என்று சொல்லிப் பாருங்கள். சமைத்தவருக்குப் பாராட்டும் கிடைக்கிறது, உணவும் வீணாகவில்லை. தட்டில் சோற்றை மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்கள் அந்த எண்ணத்தை விட வேண்டியதில்லை. முதலில் குறைவாகப் போட்டுக்கொண்டால் போதும்.

விருந்துகளில் வேறொரு காரணமும் சேரும். ஒரு சுவையில் நாக்குச் சலித்தாலும் இன்னொரு சுவைக்கு அது புதிதாகவே இருக்கும். அதனால்தான் பருப்பும் நெய்யும், சாம்பார், புளிசேரி, ரசம் என்று உண்டு ஒன்பதில் நிற்கும் ஒருவர், போளியோடு பால் பாயசம் வந்ததும் மீண்டும் உண்கிறார். பாயசத்துக்காகவே காத்திருப்பவர் என்றால், சாம்பாருக்குப் பிறகு மறுசோறு வாங்காமல், ஐந்திலோ ஆறிலோ இருக்கும்போதே பாயசத்துக்கு வந்துவிடுங்கள். அடைப்பிரதமனை விலக்கிவிட்டு ஏக்கத்தோடு வீடு திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நிறைவைத் தரும் உணவும் ஏமாற்றும் உணவும்

ஒரே கலோரி அளவுள்ள உணவுகள் ஒரே நிறைவைத் தருவதில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் 38 உணவுகளை ஒப்பிட்ட ஆய்வில், வேகவைத்த உருளைக்கிழங்கு முதலிடம் பெற்றது. நீரும், நாரும், புரதமும் மிகுந்த உணவுகள் பொதுவாக மேலே நின்றன. கொழுப்பு மிகுந்தவை கீழே நின்றன.

இதை நம் அடுக்களைக்குப் பொருத்திப் பார்க்கலாம். புட்டுக்குக் கடலைக் கறி சேர்ந்தால் பயறின் புரதமும் நாரும் நண்பகல்வரை தாங்கும். அதே புட்டுக்குச் சர்க்கரையும் பழமும் பப்படமும் என்றால் பதினொரு மணிக்கே வயிறு கேட்கும். 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) பல தலைமுறைகளின் வயிற்றை நிரப்பியது. ஆனால் அதில் புரதம் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவுக்குக்கூட இல்லை. சாளை (மத்தி) மீனில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. கிழங்கும் மீன் கறியும் என்று நம் முன்னோர் சேர்த்து உண்டது பொருத்தமானது. இன்று எடை குறைப்பவர் கிழங்கைப் பாதியாக்கி மீனைக் கூட்டினால் அதே நிறைவு கிடைக்கும். மிளகுச் சம்மந்தி மட்டும் தொட்டு ஒரு தட்டுக் கிழங்கு தின்றால் வயிறு விரைவில் நிரம்பும், பசியும் விரைவில் திரும்பும்.

ஏமாற்றும் உணவுகளில் முதலாவது நேந்திரம் சிப்ஸ். 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே கலோரியைப் பெற அவித்த ஏத்தன்பழமாக (நேந்திரம் பழம்) ஏறத்தாழ நான்கு மடங்கு எடை உண்ண வேண்டும். இரைப்பை விரிவதற்குள் சிப்ஸ் பொட்டலம் தீர்ந்துவிடும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 2019-இல் நடந்த ஆய்வில், 20 பேருக்கு ஆலையில் பதப்படுத்திய உணவுகளை இரண்டு வாரமும், வீட்டுச் சமையல் போன்ற எளிய உணவுகளை இரண்டு வாரமும் வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்தபோது, முதல் வகையில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். பிஸ்கட்டும் மிக்சரும் வீட்டில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் எண் கொடுக்கும் பயிற்சி வீணாகும்.

சாயாவின் சர்க்கரையும் இனிப்புப் பானங்களும் நிறைவுக்குச் சிறிதும் உதவுவதில்லை. நாளுக்கு ஐந்து சாயா குடிப்பவர் சர்க்கரையைப் பாதியாக்குவதே நல்ல தொடக்கம்.

தேங்காயைப் பகையாக்க வேண்டாம். ஆனால் ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. அது குழம்பில் மிதக்கும்போது வயிற்றுக்குத் தனியாகத் தெரிவதில்லை. தாளிப்பதற்குக் குப்பியிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

தாங்கத்தக்க பசியும் தாங்கக் கூடாத பசியும்

உணவுக்கு முன் அரை மணி, ஒரு மணி நேரம் மூன்றில் இருப்பது எடை குறையும் காலத்துக்கு இயல்பானது. இரவில் பசியால் உறக்கம் கலைவது, பகலெல்லாம் உணவையே நினைப்பது, அடிக்கடி இரண்டுக்குக் கீழே இறங்குவது, எப்போதும் குளிர்வது, முடி கொத்தாக உதிர்வது, மாதவிடாய் தள்ளிப்போவது ஆகியவை உணவு மிகக் குறைந்துவிட்டதைக் காட்டலாம். பசி மட்டும் மிகுந்தால் அடுத்த நாளே ஒரு வேளைக்குச் சிறிது சோறும் ஒரு துண்டு மீனோ ஒரு கரண்டிப் பயறோ கூட்டுங்கள். மற்ற அறிகுறிகள் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். நன்றாக உண்டும் பசி அடங்காமல் தாகமும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தால் இரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகள் பசியைக் கூட்டும். செமாகுளூடைடு போன்ற ஊசிகள் பசியை வெகுவாகக் குறைக்கும். இவற்றை எடுத்துக்கொள்வோர் பசியின் எண்ணை மட்டும் நம்பாமல், வேளை தவறாமல் போதிய புரதத்தோடு உண்ண வேண்டும்.

ஒரு மாதம் கழித்து நோட்டுப்புத்தகத்தைப் புரட்டுங்கள். எடை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்ததாக இருக்கட்டும். மூன்றில் தொடங்கி ஆறில் நிறுத்தியும் எடை அசையவில்லை என்றால், எந்த வேளையையும் வெட்டாமல், எண்ணெய், தேங்காய், சாயாச் சர்க்கரை, இடைத்தீனி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக இரண்டு வாரம் அளந்து பாருங்கள். எட்டும் ஒன்பதும் அடிக்கடி வந்திருந்தால், அவை எந்த வேளையில் வந்தன, அதற்கு முந்திய உணவுக்கும் அதற்கும் இடையே எத்தனை மணி நேரம் இருந்தது என்று பாருங்கள். இடைவெளி ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிறு உணவைச் சேர்த்து, அடுத்த இரண்டு வாரம் அதே வேளையின் எண்ணைத் தொடர்ந்து குறித்துவாருங்கள்.